விமானம் ஓட்டாமலும் விமானப்படை அதிகாரி ஆகலாம்: தரைப்பணிப் பிரிவுகள் பற்றிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விமானப்படை என்றவுடன் பெற்றோர் நினைவுக்கு வருபவை இரண்டு: போர் விமானம் ஓட்டும் வேலை, நான்கு ஆண்டு அக்னிவீர் வாயு வேலை. இவற்றுக்கு இடையே, பட்டதாரிகள் நேரடியாக அதிகாரியாகச் சேரக்கூடிய தரைப்பணிப் பிரிவுகள் இருப்பது பலருக்குத் தெரியாமலே வயது வரம்பு கடந்துவிடுகிறது. பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களும், கலைக்கல்லூரிகளில் பி.காம். படிப்பவர்களும் இதை இறுதியாண்டுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தரைப்பணி இரு வகைப்படும். தொழில்நுட்பப் பிரிவில் மின்னணுவியல், இயந்திரவியல் சார்ந்த விமானப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பொறியியல் பட்டத்தோடு பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். தொழில்நுட்பம் சாராத பிரிவில் நிர்வாகம், தளவாடம் (பொருள் வழங்கல்), கணக்கு, கல்வி, வானிலை ஆகியவை அடங்கும். நிர்வாகம், தளவாடம் ஆகிய இரண்டுக்கும் எந்தப் பாடத்திலும் 60 சதவீத மதிப்பெண்ணுடன் பட்டம் போதும் என்பதால், பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்தவருக்கும் இந்த வாய்ப்பு திறந்தே இருக்கிறது.

நிர்வாகம் என்ற பெயரைக் கேட்டு இதைக் கோப்பு பார்க்கும் வேலையாக எண்ணிவிடக் கூடாது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும், ரேடார் திரையைப் பார்த்துப் போர் விமானிகளுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர்களும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களே. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்கள் எல்லையை நெருங்கியபோது நம் விமானிகளைத் தரையிலிருந்து வழிநடத்திய ஸ்குவாட்ரன் லீடர் மிண்டி அகர்வால், அதற்காக யுத்த சேவா பதக்கம் பெற்றார். மகளை அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல சான்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டதாரிகளுக்கான நுழைவாயில் ஆஃப்கேட் (AFCAT) என்னும் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாக ஜூன், டிசம்பர் மாதங்களை ஒட்டி அறிவிப்பு வரும். 2 மணி நேரத்தில் 100 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண் கழியும். பயிற்சி தொடங்கும் போது வயது 20 முதல் 26 வரை இருக்க வேண்டும், 25 வயதுக்குக் கீழே இருப்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே அன்றாடம் ஆங்கிலச் செய்தித்தாள் வாசித்துப் பழக வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் வென்றவர்கள் மைசூரு போன்ற ஊர்களில் உள்ள விமானப்படைத் தேர்வு வாரியங்களில் உளவியல் சோதனை, குழுப்பணி, நேர்காணல் ஆகியவற்றை எதிர்கொள்வார்கள். விமானிகளுக்கு உரிய கணினிவழித் திறன் சோதனை தரைப்பணி விண்ணப்பதாரருக்குக் கிடையாது. உயர வரம்பும் தளர்வானது: விமானிக்கு 162.5 செ.மீ. வேண்டும், தரைப்பணிக்கு ஆண்களுக்கு 157.5, பெண்களுக்கு 152 போதும்.

தேர்வானவர்கள் ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் பயிற்சி பெறுவர். தொழில்நுட்பப் பிரிவினருக்குப் பெங்களூரு ஜாலஹள்ளியிலும் பயிற்சி உண்டு. ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். பயிற்சி முடிந்ததும் தரைப்பணியில் இருப்பவருக்கும் 'ஃப்ளையிங் ஆபீசர்' என்ற பதவியே கிடைக்கும். அது பதவியின் பெயர்தான், விமானம் ஓட்டுபவர் என்று பொருளல்ல. அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்கும். அதோடு ராணுவப் பணி ஊதியமாக 15,500 ரூபாயும் அகவிலைப்படியும் சேரும். பறப்போருக்கான தனிப்படி மட்டும் கிடைக்காது.

சேருமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியது பணிக்காலத்தைத்தான். ஆஃப்கேட் வழியாகக் கிடைக்கும் தரைப்பணி குறுகிய காலப் பணி: 10 ஆண்டுகள், தேவையும் தகுதியும் இருந்தால் மேலும் 4 ஆண்டுகள். விடைபெறும்போது பணிக்கொடை கிடைக்கும், ஓய்வூதியம் கிடைக்காது. ஓய்வூதியத்தை நம்பி வேலை தேடும் வீடுகள் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியே வேண்டும் என்பவர்கள், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டு, பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதலாம். அதன் ஒவ்வொரு சேர்க்கையிலும் விமானப்படைக்குரிய 120 இடங்களில் 28 இடங்கள் தரைப்பணிக்கே ஒதுக்கப்படுகின்றன.