டெட்லிஃப்ட்: தரைத்தூக்கா, கிடைத்தூக்கா?

இரு முனையிலும் பிளேட்டு மாட்டிய ராடைக் கீழிருந்து தொடைவரை எடுத்து நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மரணத் தூக்கு, 180 கிலோ’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால், ஈரோட்டுப் பக்கம் வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) போட்டி பார்க்க வந்தவருக்குத் தீர்ப்பு வாசிக்கிற மாதிரித்தான் கேட்கும். தூக்கு என்ற சொல்லுக்குப் போசி என்கிற பாத்திரமும் உண்டு, கயிறும் உண்டு. முன்னால் மரணத்தைச் சேர்த்தால் கயிறுதான் மிஞ்சும். ‘இறந்த தூக்கு’ம் அதே ஆலையில் அரைத்த மாவு.

இங்கே டெட் என்பது அசைவில்லாமல் கிடப்பதைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில், பலத்துக்கு மீறிய பாரத்தைக் குதிரை முக்கி இழுப்பதை இப்படிச் சொன்னார்கள். மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த ஊருக்கு விளக்கம் எதற்கு? வடம் விறைத்துவிட்டது, சால் இன்னும் எழும்பவில்லை, மாடு காலை ஊன்றி நிற்கிறது. அந்த நொடிதான் விஷயம். நம் பேச்சில் ‘பொணக்கனம் கனக்குது’ என்பதும் இந்த டெட்தான். ஆனால் பிணத்தைப் பயிற்சிக்குப் பெயராக வைக்க முடியாது.

இப்போது பரவி வருவது ‘தரைத்தூக்கு’. காதுக்கு நன்றாக இருக்கிறது, அதனாலேயே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பளுதூக்குதலில் எடையைத் தலைக்கு மேலே ஏற்றுகிற ஸ்னாட்சும் கிளீன் அண்ட் ஜெர்க்கும் எங்கிருந்து தொடங்குகின்றன? அவையும் தரையிலிருந்துதான். மூன்றுக்கும் பொருந்தும் பெயர் ஒன்றுக்கு மட்டும் அடையாளமாகாது. அடுத்து, ராடு தரையில் இருப்பதே இல்லை. 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட்டு மாட்டினால் ராடு 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். பெரிய பிளேட்டு இல்லாத ஜிம்மில் 10 கிலோ சின்னப் பிளேட்டுகளை மாட்டி, ‘தரையிலிருந்துதானே’ என்று இன்னும் ஆழக் குனிந்து எடுக்கிறார்கள். இடுப்பு தாழ இடமில்லாமல் குறுக்கு (கீழ்முதுகு) வளைகிறது, இரண்டு நாள் நிமிர முடியாது. பிளேட்டுக்கு அடியில் பலகையோ ரப்பர் மேட்டோ அடுக்கி ராடை 22.5 செ.மீ.க்கு ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

பெரிய குற்றம் வேறு. 5 ரெப்ஸ், அதாவது அடுத்தடுத்து 5 தடவை, போடுகிறவர் முதல் ரெப்பை எழுப்புகிறார். மீதி நான்கிலும் பிளேட்டைத் தரையில் ‘டம்’மென்று மோதி, அது துள்ளுகிற வேகத்தில் எடுக்கிறார். தரை தொட்டதல்லவா, ஆகவே ‘தரைத்தூக்கு’ என்ற பெயருக்கு ஐந்தும் கணக்கு. போட்டியில் கிடைப்பது 3 வாய்ப்பு, ஒவ்வொன்றிலும் ஒரே தூக்கு. அங்கே துள்ளல் ஏது? துள்ளவிட்டுப் பழகியவர் முழங்காலுக்கு மேலே பலசாலி, தரையருகே பூஞ்சை.

‘கிடைத்தூக்கு’ என்பதே சரி. ‘படுத்த கிடை’, ‘கிடையாக் கிடக்கிறார்’ என்று சொல்லும்போது கனமும் அசைவின்மையும் சேர்ந்தே வருகின்றன. ஆட்டுக்கிடை நினைவுக்கு வரும் என்பார்கள். கொங்கில் அது பட்டிதானுங்களே. ஸ்னாட்சிலும் எடை கிடக்கத்தானே செய்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே எழுப்புவது முதல் கட்டம் மட்டும், இங்கே அதுவே முழு வேலை. வலுதூக்கலின் மற்ற இரண்டோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டிலும், மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸிலும் முதலில் இறக்குகிறோம், இழுபட்ட தசை கொஞ்சம் எதிர்த்துத் தள்ளிக் கொடுக்கும். கிடைத்தூக்கில் அந்தக் கடன் கிடையாது.

பெயரைப் புரிந்துகொண்டால் பயிற்சியும் அதன்படியே அமையும். ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, கெண்டைக்காலின் முன்பக்க எலும்புக்கு 2, 3 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பிடித்தபின் ராடை உருட்டக் கூடாது. தம் கட்டி, கை விறைக்கும்வரை மெல்ல இழுத்துத் தொய்வை எடுத்தால், ராடு பிளேட்டின் துளையில் ‘டிக்’ என்று முட்டும். அதன்பிறகு காலால் தரையைத் தள்ள வேண்டும். தொய்வோடு வெடுக்கென்று இழுத்தால் இடுப்பு முதலில் எகிறும், பாரம் முழுக்கக் குறுக்கில் இறங்கும். ஒவ்வொரு ரெப்புக்கும் பிளேட்டு ஓய்ந்தபின் புதுசாகத் தம் கட்டணும். 150 கிலோ எடுப்பவருக்கு 110, 115 கிலோவில் 3 ரெப்ஸ் வீதம் 5 செட் (சுற்று) போதும். தரையருகே திணறினால், எடையைக் குறைத்து 5 செ.மீ. பலகைமேல் ஏறி நின்று எடுக்கலாம், அல்லது முழங்காலுக்குக் கீழே 2 நொடி நிறுத்தி எடுக்கலாம். முழங்காலைத் தாண்டியபின் நின்றுபோனால் பிளேட்டைக் கட்டைமேல் ஏற்றி, அந்த உயரத்திலிருந்து எடுத்துப் பழகலாம்.

‘தம் கட்டு கண்ணு’ என்று மூன்றே சொல்லில் முடிகிற இடத்தில், மொழிபெயர்ப்பாளர்கள் ‘உங்கள் மையப்பகுதியை ஈடுபடுத்துங்கள்’ என்று எழுதுகிறார்கள். ரெப்ஸ் ‘பிரதிநிதிகள்’ ஆகிறது, பெஞ்ச் பிரஸ் ‘பெஞ்ச் பத்திரிகை’ ஆகிறது. தெரியாவிட்டால் ரெப்ஸ் என்றே விடலாம், ஒன்றும் குறையாது. நான் தனித்தமிழ் வெறியன் இல்லை. டெட்லிஃப்ட் என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன், மரணத் தூக்குக்கு வருவேன்.

கிடைத்தூக்கு என்ற பெயர் இறக்கத்துக்கும் பொருந்துகிறது. முழங்கால் பூட்டி, தோள் பின்னே போய், நடுவர் கையை இறக்கிக் குரல் கொடுத்தபிறகும் தூக்கு முடிவதில்லை. எடை இரண்டு கைக்குள் அடங்கியபடியே பழைய கிடைக்குத் திரும்ப வேண்டும். நடுவழியில் கையை விட்டால் அந்தத் தூக்கு செல்லாது.