ஜாக் ஒன்று, சரக்கு வேறு

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி, போன மாதம் ஹட்டனில் உள்ள என் கடைக்கு 50 வாட் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வால் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) ஒன்றைக் கொழுந்துச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். "அண்ணே, திருவிழாவில் மூன்றாவது பாட்டு வரைக்கும் நன்றாகத்தான் பேசியது. அப்புறம் படபடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்றார்.

பின்பலகையைக் கழற்றியதுமே கருகிய வாடை. ஈ.எல்.34 வால்வு உட்காரும் சொக்கெட்டில் மூன்றாம் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் நடுவே, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கரிக்கோடு. மூன்றாவது ஆனோட், 400 வோல்ட் வரை நிற்கிற இடம். இரண்டாவது வெறும் 6.3 வோல்ட் ஹீட்டர். பொறி அங்கிருந்து இங்கே தாவியிருக்கிறது. அந்தக் கரி மின்சாரம் கடத்தும், சுரண்டிவிட்டு விட்டுவிட முடியாது. சொக்கெட்டையே மாற்ற வேண்டும். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டரை வைத்தேன். நடு முனையிலிருந்து ஒரு பக்கம் ஐம்பது ஓம் காட்டியது. மறுபக்கம் முள் அசையவே இல்லை; சுருள் அறுந்துவிட்டது.

"இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் எதை வைத்து மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்னக் கால் சுவிட்சை எடுத்து நீட்டினார். கிட்டாரை இரண்டு ஆம்ப்களில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடுகிற சாதாரண ஏ/பி சுவிட்ச். அதை ஆம்பின் ஸ்பீக்கர் வாய்க்கும் இரண்டு கேபினெட்களுக்கும் (ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும்) இடையில் மாட்டியிருக்கிறார்.

அவரை நான் ஏசவில்லை. கிட்டாருக்கும் ப்ரீஆம்புக்கும் (கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் ஏற்றும் பகுதி) ஸ்பீக்கருக்கும் ஒரே 6.35 மில்லிமீட்டர் ஜாக்கை வைத்தவர்கள் மேல்தான் என் கோபம். ப்ரீஆம்ப் அனுப்புவது சுமார் ஒரு வோல்ட். 50 வாட் ஆம்ப் 8 ஓம் கேபினெட்டுக்கு முழு மூச்சில் அனுப்புவது 20 வோல்ட், இரண்டரை அம்பியர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே துளை.

பவர் ஆம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) முன்னால் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று ப்ரீஆம்ப்களை வரிசையாக வைத்துக் காலால் மாற்றினாலும், மிஞ்சிப்போனால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். ஒன்று மட்டும்: தனி ப்ரீஆம்பை ஆம்பின் முன்வாயில் கொடுத்தால், ஆம்புக்குள் இருக்கும் ப்ரீஆம்பிலும் புகுந்து ஒலி கூழாகிவிடும். பின்பக்கம் 'ரிட்டர்ன்' என்று எழுதிய வாயில் கொடுங்கள். நேரே பவர் ஆம்புக்குப் போகும்.

பவர் ஆம்பைத் தாண்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் கிடையாது. வால்வு ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல், அதாவது ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல், ஒரு கணமும் ஓடக்கூடாது. கால் சுவிட்ச் ஒரு கேபினெட்டை விட்டு மற்றதைப் பிடிக்கும் அந்த இமைப்பொழுதில் சுமை அறுந்துபோகிறது. சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறும். ஒருமுறை, இருமுறை தாங்கும். மூன்றாவது பாட்டில் தாங்கவில்லை.

கேபினெட் மாற்றுவதற்கென்றே செய்த நல்ல கருவி, மாறும் நேரத்தில் ஒலியை மூடும். சும்மா நிற்கும் ஆம்பை, ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் டம்மி லோடில் கட்டிப்போடும். இரண்டு ஆம்ப்களை ஒரு கேபினெட்டுக்கு மாற்றும்போது, அவற்றின் அவுட்புட்கள் ஒன்றோடொன்று சேரவே விடாது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். டிரான்சிஸ்டர் ஆம்புக்குச் சுபாவம் நேர்மாறு: சுமை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும், ஓம் குறைந்தால் வெந்துபோகும். இரண்டு 8 ஓம் கேபினெட்களைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம் என்பது நினைவிருக்கட்டும். ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளும் வேண்டாம்; அதன் நடுக்கம்பி நூல் மாதிரி.

இரண்டு ஆம்ப்களை ஒன்றாக இணைத்தால் 'ம்ம்' என்ற இரைச்சல் வரும். உடனே எர்த் வயரை அறுத்துவிடுகிறார்கள். மழையில் நனைந்த கோயில் வளவு, 230 வோல்ட், கையில் கிட்டார் கம்பி, உதட்டருகே இரும்பு மைக்! கைகூப்பிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஓர் ஆம்புக்குப் போகும் கிட்டார் சிக்னல் வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போட்டால் இரைச்சல் அடங்கிவிடும்.

தம்பியின் டிரான்ஸ்ஃபார்மர் இப்போது கண்டியில் சுற்றுவதற்குப் போயிருக்கிறது. "இந்தச் சுவிட்சை என்ன செய்வது அண்ணே, வீசிவிடவா?" என்று கேட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி, 'கிட்டார் மட்டும்' என்று பேனாவால் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.