வெள்ளியில் நிற்கும் இரண்டு எஞ்சின்கள்

1869 மே 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவில், புரோமண்டரி மேட்டில், கிழக்கிலிருந்து வந்த 119ஆம் எண் எஞ்சினும் மேற்கிலிருந்து வந்த 'ஜூபிடரும்' எதிரெதிரே வந்து நின்றன. கண்டத்தின் இரு பக்கத் தண்டவாளங்களும் அங்கே இணைந்தன. அந்தக் காட்சியைத் தாங்கிய வெள்ளிப் பதக்கம் எது கைக்கு வந்தாலும் என் கண் முதலில் போவது புகைபோக்கிகளுக்குத்தான். ஜூபிடர் விறகில் ஓடியது. தீப்பொறி வெளியே பறக்காமலிருக்க, அதன் புகைபோக்கி மேலே குடம்போல் அகன்றிருக்கும். 119 நிலக்கரி எஞ்சின். அதற்கு நேர்க்குழாய் போதும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், செதுக்கியவர் பழைய புகைப்படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்தது பளபளப்பு. எஞ்சின் பனி படிந்ததுபோல் வெளுத்திருக்க, பின்னணி மட்டும் கண்ணாடியாக மின்னும். பூச்சு எதுவும் இல்லை, இரண்டும் ஒரே வெள்ளிதான். பதக்கத்தை அடிக்கும் அச்சின் சமதளத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவம் உள்ள பள்ளத்தை மட்டும் சொரசொரப்பாக்கிவிடுகிறார்கள். வழவழப்பான தளம் ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது. சொரசொரப்பு நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அடிக்க அடிக்க அச்சு தேய்வதால், முதலில் வந்த பதக்கங்களில்தான் அந்த வெண்மை அழுத்தமாக இருக்கும்.

விளிம்பில் 'ஸ்டெர்லிங்' என்றிருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படியும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், கொஞ்சம் தடித்தால் ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. மழை நாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுகிறதே, அதே ஒளி விளையாட்டுதான். இந்த நிறங்களுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

நம் வீட்டில் வெள்ளி விளக்கு கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம். பதக்கத்தில் அந்தக் கை வேண்டாம். கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் கழன்று வரும். எஞ்சினின் வெண்மைதான் முதலில் போகும், திரும்ப வராது. அலுமினியத் தாளில் வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றினால் கந்தகம் அலுமினியத்துக்கு மாறி, வெள்ளி பதக்கத்திலேயே தங்கிவிடும். ஆனால் நிறங்களும் அதோடு போய்விடும் என்பதால் அதையும் நான் செய்வதில்லை.

வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். மலிவான பிவிசி உறையிலிருந்து கசியும் அமிலம் செம்பைத் தாக்கிப் பச்சைப் பிசுக்காகிவிடும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் அந்த அலமாரிப் பக்கமே வரக்கூடாது. இரண்டிலும் கந்தகம் இருக்கிறது.