கண்ணாடிப் பெட்டி வெளிச்சத்தைத் தடுக்காது

பல்கலைக்கழக நூலகங்களில் சமூகப் பண்பாட்டு விழா, கண்காட்சி என்று நடந்து முடிந்த சில வாரங்களில், பழைய தாள், போட்டோ போன்றவற்றைப் பாதுகாத்துச் சரிசெய்யும் எங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு வேலை வந்துவிடும். இந்த முறை வந்தது ஒரு கடிதம். கண்காட்சிக்காக ஒரு குடும்பம் நம்பிக் கொடுத்தது. ஜன்னலை ஒட்டிய காட்சிப்பெட்டியில் இரண்டு மாதம் இருந்திருக்கிறது. மடிப்புக்குள் மறைந்திருந்த வரிகள் கறுப்பாக இருக்கின்றன, வெளியே தெரிந்த வரிகள் வெளிறிவிட்டன. பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. இதற்கென்றே உள்ள சிறப்பு விளக்கொளியில் படமெடுத்து சில வகை மைகளைப் படித்துவிடலாம். ஆனால் கடிதத்தில் போன நிறம் போனதுதான்.

ஏற்பாட்டாளர்களைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டித்தானே வைத்திருந்தோம்?" கண்ணாடி, கை படுவதையும் தூசியையும் தடுக்கும். வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது, இல்லையென்றால் பார்வையாளருக்கு எதுவும் தெரியாதே! புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டினால் சேதம் குறையும், நிற்காது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் சாயத்தை வெளிறவைக்கும். எல்இடி விளக்கு என்றாலும் அப்படித்தான்.

இந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் பகலில் பட்டது சரியாகிவிடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய தாள், துணி, கலர் போட்டோ போன்றவற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 90 நாள் வைத்தால் மொத்தம் 36,000 லக்ஸ்-மணி, அதாவது லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு. உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அதாவது மூன்று மாதக் கண்காட்சியில் படவேண்டிய வெளிச்சம், நேர் வெயிலில் அரை மணி நேரத்துக்குள் பட்டுவிடும். படிப்பறைக்குப் போடும் 500 லக்ஸ் விளக்கின் கீழ் வைத்தால் 9 நாளில் அதே கணக்கு முடிந்துவிடும்.

அதனால் ஏற்பாட்டாளர்களே, பெட்டியை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். பெட்டிக்கு உள்ளே விளக்குப் போடாதீர்கள், சூடேறும். புதிதாகப் பெயின்ட் அடித்த பெட்டியிலும் ப்ளைவுட் பெட்டியிலும் கிளம்பும் ஆவி மூடிய இடத்தில் தங்கித் தாளைக் கெடுக்கும். பெயின்ட் காய்ந்து வாடை போக வாரக்கணக்கில் விடுங்கள், பொருளுக்கு அடியில் அமிலமில்லாத அட்டை வையுங்கள். விழா என்றால் சாப்பாடு இருக்கும், இருக்கட்டும். ஆனால் அதே கூடத்தில் வேண்டாம், பூச்சி வரும். பொருளை வாங்கும்போதே அதன் நிலையைப் படமெடுத்து, எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாததால்தான் பிறகு யார் கெடுத்தது என்று சண்டை வருகிறது.

கையுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாளைத் தொடத் துணிக் கையுறை வேண்டாம், விரல் உணர்வு குறைந்து ஓரம் கிழியும். கழுவி ஈரமில்லாமல் துடைத்த கை போதும். போட்டோவுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை.

பொருளைக் கொடுக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். "கண்காட்சிக்குக் கொடுக்கிறோமே, பத்திரமாக இருக்கட்டும்" என்று தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகித் தாளோடு ஒன்றிப்போன பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிப்பது பெரும்பாலும் நடக்காது. கிழிந்த இடத்தில் செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலோடே கொண்டுவாருங்கள், அதை எங்களால் சரிசெய்ய முடியும்.

மூலத்தைத்தான் வைக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். நூலகத்திலேயே நல்ல ஸ்கேனர் இருக்கும். அதே அளவில், அதே நிறத்தில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திறப்பு விழா அன்று மட்டும் மூலத்தை வைத்துவிட்டு, மறுநாள் அதை எடுத்துவிட்டு நகலை வைத்துவிடலாம். நகல் என்று பக்கத்தில் எழுதி வைத்தால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.