எந்தத் தோட்டத்து இலை?

"சார், இலையை போட்டோ எடுத்தா நோயைச் சொல்ற ஆப் விக்கிறாங்க. 99 சதவீதம் கரெக்டா இருக்குமாம். வாங்கலாமா?" ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள் இப்படிக் கேட்பதுண்டு. சேலத்தில் கணினி அறிவியல் நடத்தும் எனக்கு ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவின் கோட்பாட்டில். ஆப் செய்வதில்லை, அந்த 99 எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதுதான் என் வேலை.

எந்திரம் கற்பதற்கு, கணினி அறிவியலாளர் லெஸ்லி வேலியன்ட் 1984-இல் ஒரு கணித வரையறை கொடுத்தார். எந்திரம் முழுக்கச் சரியாகவே சொல்லும் என்ற உறுதி அதில் இல்லை. பிழை இன்ன அளவுக்குள் இருக்கும், அதுவும் இன்ன அளவு நிச்சயத்தோடு, அவ்வளவுதான். அதற்கும் நிபந்தனை உண்டு: பழகிய படங்கள் எப்படி வந்தனவோ, நாளைய படங்களும் அப்படியே வர வேண்டும். விற்பவர்கள் விழுங்கிவிடுவது இதைத்தான்.

இலைப் படத்திலிருந்து எந்திரம் நோயைக் கண்டறிவது பற்றி 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பின் 54,306 படங்கள், 14 பயிர்கள் (காபி இல்லை). இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. அதே தொகுப்பில், எந்திரத்துக்குப் பழக்காமல் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரி. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் சுமார் 31! ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். விளம்பரங்களில்தான் இரண்டாவது எண்ணைக் காணோம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலோ சில்வர் ஓக் நிழல், மிளகுக்கொடி, மூடுபனி. காபி இலையைத் தாக்கும் துரு நோயின் ஆரஞ்சுப் பொடி இலையின் அடிப்பக்கம் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது எப்படித் தெரியும்?

ஆகவே உங்கள் தோட்டத்திலேயே சோதியுங்கள். நோயுள்ள இலை 59, நல்ல இலை 59, இரண்டையும் தனித்தனியாக; ஒன்றில்கூட ஆப் தவறக் கூடாது. சேர்த்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள்: நூறில் ஓர் இலைக்குத்தான் நோய் என்றால், எல்லாவற்றுக்கும் "நோயில்லை" என்று சொல்லும் ஆப்கூட 99 வாங்கிவிடும். இலைகளை நீங்களாகப் பொறுக்காமல், பல பாத்திகளிலிருந்து குலுக்கல் போட்டதுபோல எடுங்கள்.

ஏன் 59? நூற்றுக்கு 5 தவறும் ஆப், 59-லும் தவறாமல் தப்பிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. 0.95-ஐ 59 முறை பெருக்கிப் பாருங்கள். இது ஒரே ஒரு ஆப்பைச் சோதிக்கும் கணக்கு. பத்து ஆப்பை வரிசையாக வைத்து, தவறாமல் தேறியதை வாங்குவதென்றால் வகைக்கு 104 இலை வேண்டும்; பத்துப் பேர் எழுதும் பரீட்சையில் ஒருவர் குருட்டு அதிர்ஷ்டத்தில் தேறிவிடலாம் அல்லவா.