கைகோத்து நிற்கும் மின்சுற்று

வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள் ஐந்து குழந்தைகள். ஒரு முனையில் இருப்பவன் கையில் ஒரு கம்பி. மறுமுனையில் இருப்பவள் மேசைமேல் உள்ள வாழைப்பழத்தை விரலால் தொடுகிறாள். கணினியிலிருந்து முரசு ஒலிக்கிறது. நடுவில் ஒருவன் கையை விட்டுவிட்டால், அவள் எத்தனை முறை தொட்டாலும் சத்தமே இல்லை. கைகள் மீண்டும் சேர்ந்ததும் முரசு திரும்பி வந்துவிடுகிறது. மின்சாரம் ஓட முழுச் சுற்று வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது.

இதைச் செய்வது மேக்கி மேக்கி என்ற சிறு மின்பலகை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேபில் பயின்ற ஜே சில்வர், எரிக் ரோசன்பாம் இருவரும் உருவாக்கியது. 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிவந்தது. யுஎஸ்பி கம்பியால் இணைத்ததும் கணினி இதை ஒரு கீபோர்டு என்றே எடுத்துக்கொள்கிறது. பலகையில் ஓரிடம் ‘ஸ்பேஸ்’ விசை, வேறு இடங்கள் அம்புக்குறி விசைகள். அங்கிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பழம், இலை, களிமண் என்று எதில் மாட்டினாலும் அது விசையாகிவிடும். தனி மென்பொருள் தேவையில்லை. ஸ்கிராட்ச் என்ற, குழந்தைகளுக்கான எளிய நிரல் மொழியில் அவர்களே எழுதிய நிரலில் ‘ஸ்பேஸ் அழுத்தினால் முரசு’ என்ற கட்டளை இருந்தால் போதும்.

ஆனால் பழத்தின் வழியாகவும் குழந்தைகளின் வழியாகவும் மின்சாரம் போவது எப்படி? டார்ச் பல்பும் இரண்டு பேட்டரிகளும் வைத்து இதே சோதனையைச் செய்தால் பல்பு எரியாது. உலர்ந்த தோலோடு சேர்த்தால் ஒரு கையிலிருந்து மறு கைவரை நம் உடலின் மின்தடை பல ஆயிரம் ஓம் (மின்தடையின் அலகு) முதல் சில லட்சம் ஓம் வரை போகும். ஐந்து பேரின் தடைகளும் கூடி 10 லட்சம் ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் பேட்டரி அதன் வழியே ஓர் ஆம்பியரின் 10 லட்சத்தில் 3 பங்கைத்தான் செலுத்தும். பல்புக்கோ ஏறத்தாழ 0.2 ஆம்பியர் வேண்டும்.

மேக்கி மேக்கி அந்த மின்னோட்டத்தைக் கொண்டு எந்த வேலையும் செய்ய முயல்வதில்லை. மின்னழுத்தம் சரிந்ததா என்று மட்டும் பார்க்கிறது. சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஒரு பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் துளை இல்லாதவரை பானை நிறைந்தே இருக்கும். ஊசி முனை அளவு துளை விழுந்தாலும், வரும் சொட்டைவிட வேகமாக அது ஒழுகினால் பானை காலியாகிவிடும். பலகையின் ஒவ்வொரு விசை முனையும் 2 கோடியே 20 லட்சம் ஓம் கொண்ட மின்தடை ஒன்றின் வழியாக 5 வோல்ட்டோடு இணைந்திருக்கிறது. இதுதான் சொட்டும் குழாய். யாரும் தொடாதபோது முனை 5 வோல்ட்டில் நிற்கும். வரிசையின் முனையில் இருப்பவன் கையில் உள்ளது பலகையின் எர்த் கம்பி, அதாவது மின்சாரம் பலகைக்குத் திரும்பும் வழி. அந்த வரிசை பழத்தைத் தொட்டதும், 10 லட்சம் ஓம் தடை கொண்ட ஒரு வடிகால் திறக்கிறது. மொத்தத் தடையில் அது 23இல் ஒரு பங்கு. ஆகவே முனையில் மிஞ்சுவதும் 5 வோல்ட்டில் 23இல் ஒரு பங்கு, சுமார் 0.2 வோல்ட். பலகையில் உள்ள சில்லு இந்தச் சரிவைக் கண்டு, ‘ஸ்பேஸ் அழுத்தப்பட்டது’ என்று கணினிக்குச் சொல்கிறது. சுவரில் ஓடும் மின்கம்பிகளின் அலைகளை உடல் ஆண்டெனா போல வாங்கிக்கொள்ளும் என்பதால், சில்லு ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல் மிக வேகமாகப் பலமுறை அளந்தே முடிவு செய்கிறது.

இந்தச் சுற்றில் ஓடும் மின்னோட்டம், நம் விரலால் உணரக்கூடிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டின் மின்செருகித் துளை இப்படிப்பட்டதல்ல என்பதை ஆசிரியர் அதே வகுப்பில், அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் என்று இரண்டு பட்டியல்களைக் குழந்தைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பல்பு சோதனையில் பிறந்தவை. வாழைப்பழத்தை வைத்தால் பல்பு எரியாது. ஆகவே அது கடத்தாது என்று எழுதிக்கொள்வார்கள். இந்தப் பலகையோ பழத்தையும் ஈரக் காகிதத்தையும் காகிதத்தில் அழுத்தி வரைந்த பென்சில் கோட்டையும் கடத்தி என்கிறது. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட். அது மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் கரண்டிக்கும் அழிப்பானுக்கும் மட்டும் பலகை பேசாமல் இருக்கும். அப்படியானால் எது உண்மை என்று ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும். கடத்துதல் என்பது பல படிகள் கொண்ட ஏணி என்றும், பல்பு மேல்படியிலும் பலகை வெகு கீழேயும் கோடு போடுகின்றன என்றும் அப்போது விளக்கலாம். கேட்கத் தூண்டிய பொருள் கையிலேயே இருப்பதால் விளக்கமும் நிற்கும்.

இதோடு வகுப்பறைச் சுவரில் மாட்டும் பெரிய தொடுதிரைகளை ஒப்பிடுங்கள். அவற்றில் பலவற்றில் சட்டத்தின் ஓரங்களிலிருந்து அகச்சிவப்பு ஒளிக்கதிர்கள் திரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறது என்பதை வைத்துத் திரை இடத்தைக் கணிக்கும். நல்ல கருவிதான். ஆனால் அதன் உள்ளே நடப்பதைக் குழந்தை கழற்றிப் பார்க்கவோ மாற்றிப் பூட்டவோ முடியாது. கம்பிகள் வெளியே தெரியும் கருவியையே சிறு வகுப்புகளுக்கு நான் தேர்ந்தெடுப்பேன்.

சோதனைக்கு முன் ஒவ்வொரு குழந்தையும் தன் ஊகத்தை எழுதி வைக்க வேண்டும்; இல்லையென்றால் எல்லாம் வெறும் சத்த விளையாட்டாகிவிடும். சிலர் தொட்டால் மட்டும் ஒலி வராது. உள்ளங்கை மிக உலர்ந்திருக்கும். விரலை நீரில் நனைத்ததும் வந்துவிடும். ஏன் என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள். பிறகு காலையில் பறித்த ஓர் இலையை விசையாக மாட்டி, அப்படியே மேசையில் விட்டுவிடுங்கள். அது வாடிக் காயக் காய, என்றைக்கு முரசு நிற்கும் என்று நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள்.