ஃபிளாஷ் பாயின்ட்: ‘தீப்பற்றும் வெப்பநிலை’ அல்ல, ஆவிபற்றுநிலை

எளிதில் ஆவியாகும் கரைப்பானான டைஎதில் ஈதருக்கு எதிரே ‘தீப்பற்றும் வெப்பநிலை: −45 டிகிரி செல்சியஸ்’ என்று போடும் வேதியியல் கையேடுகளுக்குக் குறைவில்லை. அலமாரியில் 30 டிகிரியில் இருக்கும் புட்டி ஏன் இன்னும் எரியவில்லை என்று மாணவர் யோசிப்பார். அச்சுப்பிழை என்று தள்ளிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிழை சொல்லில் இருக்கிறது: அந்த எண் ஃபிளாஷ் பாயின்ட் எனப்படும் வேறோர் அளவுக்கு உரியது.

நீர்மத்தை மூடிய கிண்ணத்தில் மெல்லச் சூடேற்றி, அவ்வப்போது மூடியில் உள்ள சிறு வாயைத் திறந்து ஒரு சுடரைக் காட்டுவார்கள். மேலே திரண்ட ஆவி குப்பென்று பற்றி உடனே அணையும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயின்ட். பற்றுவது ஆவி, நீர்மம் அல்ல. நெருப்பும் வெளியிலிருந்து வர வேண்டும். மேலும் சூடேற்றினால் தீ ஐந்து நொடியாவது அணையாமல் நிற்கும். அது ஃபயர் பாயின்ட்.

ஆங்கிலத்தில் ஃபிளாஷ் முதலில் நீர் தெறிப்பதைக் குறித்த சொல்; திடீர் ஒளி என்ற பொருள் பிறகு வந்தது. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் இந்த அளவு சட்டத்துக்குள் நுழைந்தது. 1879இல் பிரிட்டன் வேதியியலர் ஃபிரெடெரிக் ஏபெலின் மூடிய கிண்ணச் சோதனையை ஏற்று, அதற்குக் கீழே பற்றும் எண்ணெய் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வரும்படி 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை வரம்பாக்கியது. அது ஏறத்தாழ 23 செல்சியஸ். இந்தியாவின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்திலும் மிக எளிதில் பற்றும் ‘ஏ’ வகுப்புக்கு எல்லை 23தான்.

‘தீப்பற்றும் வெப்பநிலை’ ஏன் கூடாது? பொறியே இல்லாமல் தானாகப் பற்றும் வெப்பநிலை என்று வேறொன்று இருக்கிறது. தமிழ்ச் சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் வருவது அதுதான். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குபவை அல்ல. அசிட்டோன் −20இல் ஆவிபற்றும், தானாகப் பற்ற 465 வேண்டும். கார்பன் டைசல்பைடுக்கு முதலாவது −30, இரண்டாவது ஏறத்தாழ 90தான்: சுடரே வேண்டாம், கொதிநீர்த் தொட்டியின் சூடான விளிம்பு போதும். பெட்ரோலைவிட டீசலுக்கு ஆவிபற்றுநிலை மிக உயரம். தானாகப் பற்றுவதற்கோ டீசலுக்குத்தான் குறைந்த வெப்பம் போதும். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பவர் பாதுகாப்புக் கையேட்டில் கைவைக்கவே கூடாது.

ஃபிளாஷ் பாயின்டுக்கு ‘ஒளிர்வுப் புள்ளி’ என்பது இன்னும் மோசம். ஒளிர்வு என்பது வேதியியலில் வேறொரு நிகழ்வுக்கு ஏற்கெனவே உரிய பெயர். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. ‘புள்ளி’யும் தேவையில்லை. உருகுநிலை, கொதிநிலை என்று நம் பாடநூல்கள் அழகாகச் செய்து தந்த அச்சு கையிலேயே இருக்கிறது. அதே வார்ப்பில் ஃபிளாஷ் பாயின்டுக்கு ஆவிபற்றுநிலை, ஃபயர் பாயின்டுக்கு நின்றெரிநிலை, தானாகப் பற்றும் வெப்பநிலைக்குத் தன்னெரிநிலை என்று மூன்றையும் பிரித்துவிடலாம். எது எரிகிறது, எவ்வளவு நேரம், எதனால் என்பது சொல்லிலேயே தெரியும். ‘எளிதில் எரியக்கூடியது’ என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வதும் போதாது, விறகும் எரியக்கூடியதுதான்.

ஆவிபற்றுநிலை −45 என்று படித்தவருக்கு, −20 டிகிரி உறைபெட்டியிலும் ஈதர் பற்றத் தேவையான ஆவியைத் தந்துகொண்டே இருக்கும் என்பது விளங்கும். அந்த ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். கசிந்தால் மேசையோடு தவழ்ந்து போகும். வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சும் விளக்குச் சுவிட்சும் பொறி தரக்கூடியவை. ஈதரை அதில் வைக்கக் கூடாது. உள்ளே பொறி எழாதபடி ஆய்வகத்துக்கென்றே செய்த பெட்டி வேண்டும்.